மல்லிகைக்கு வைத்தியம் பார்த்த வெள்ளாடு

ஒரு பழைய ஓட்டு வீட்டின் பின்புறத் தோட்டத்தில் ஓர் ஓணானும், ஓர் அணிலும், ஒரு கூட்டம் தவிட்டுக்குருவிகளும் வாழ்ந்து வந்தன. அந்தத் தோட்டத்தைத் தாங்கள்தான் நிர்வகிக்கிறோம் என்பது அவற்றின் உறுதியான நம்பிக்கை.

கிணற்றில் தண்ணீர் இறைப்பது, சருகு பெருக்குவது, அரிசி களைந்த நீரைச் செடிகளுக்கு ஊற்றுவது, உதிர்ந்த வேப்பம்பூவை அள்ளிக் காயவைப்பது ஆகிய சில்லறை வேலைகளை மட்டும் வீட்டுக்கார உமையாள் ஆச்சி செய்தாள். அதையெல்லாம் மதில்மேல் உட்கார்ந்து மேற்பார்வை செய்யும் பெரிய பொறுப்பு இவற்றினுடையது.

ஓணான்தான் தலைவர். யார் எதைச் சொன்னாலும் அதன் தலை மேலும் கீழும் ஆடும். தலைமைக்கு வேறு தகுதி எதற்கு? அணில் செயலாளர். அது எப்போதும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும். எங்கே என்று கேட்டால் கோபம் வரும். தவிட்டுக்குருவிகள் பொதுமக்கள். ஒன்று கத்தினால் எல்லாம் கத்தும். முதல் குருவி எதற்காகக் கத்தியது என்று விசாரிக்கும் வழக்கம் அவற்றிடம் கிடையாது.

அதே தோட்டத்துச் செம்பருத்திச் செடியில் ஒரு தையல்சிட்டும் இருந்தது. இரண்டு இலைகளை நாரும் பஞ்சும் கொண்டு தைத்து, அதற்குள் கூடு கட்டி, மூன்று குஞ்சுகளை வளர்த்து வந்தது. அதற்கு நிர்வாகத்தில் இடமில்லை. இருந்திருந்தாலும் நேரமில்லை.

அந்த ஆண்டு வெயில் ஏறிய பிறகும் மல்லிகைச் செடி பூக்கவில்லை. இலையும் கொடியுமாகப் புதர் மண்டிக் கிடந்தது. இதன் காரணம் ஒன்றும் பெரிய ரகசியமில்லை. பழைய இலையை உருவிவிட்டுத் தண்ணீர் காட்டினால்தான் மல்லிகை துளிர்த்து மொட்டு வைக்கும். மல்லிகையின் மணத்தைப் பாடிய புலவர்கள் ஏராளம். அதன் இலையை உருவுவது யார் வேலை என்று ஒருவரும் பாடிவைக்கவில்லை. ஆகவே உமையாள் ஆச்சியே மாசி மாதத்திலிருந்து அதைத் தன் கணவர் நாச்சியப்பனிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இந்தாங்க! அந்த மல்லிகைக்கு இலை உருவி விடுங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"நாளைக்கு" என்பார் நாச்சியப்பன், செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்து.

பின்கதவின் கொண்டியைச் சரிசெய்வதும், உடைந்த ஓடுகளை மாற்றுவதும், கிணற்றுக் கப்பிக்கு எண்ணெய் விடுவதும்கூட அந்த நாளைக்குத்தான் இருந்தன. அது மட்டும் வந்திருந்தால், பாவம், மனிதருக்கு மூச்சுவிட நேரம் இருந்திருக்காது.

இதற்குள் பக்கத்து வீட்டுத் தோட்டத்தில் மல்லிகை பூத்துக் குலுங்கியது. மணம் மதில் தாண்டி வந்தது. அதன் பின்னாலேயே அந்தத் தோட்டத்து அணிலும் மதில்மேல் வந்து நின்றது.

"என்னப்பா இது, உங்க வீட்ல கீரைப் பாத்தியா போட்டிருக்காங்க? நல்லா தளதளன்னு இருக்கே!"

நம் அணிலின் வால் சிலிர்த்தது. அணில் மல்லிகையைத் தின்னாது. ஓணான் அதைத் தலையில் வைத்துக்கொள்ளாது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே! உடனே அவசரக் கூட்டம் கூடியது. மல்லிகை பூக்காததற்கு ஆழ்ந்த வருத்தம் தெரிவிக்கப்பட்டது. கூட்டம் கலைந்தது. மல்லிகை அதற்கும் பூக்கவில்லை.

ஒருநாள் உச்சிவெயிலில், வீட்டில் எல்லாரும் கண் அயர்ந்திருந்தபோது, கொண்டி பழுதான பின்கதவைத் தலையால் முட்டித் திறந்துகொண்டு ஒரு வெள்ளாடு உள்ளே வந்தது. தெருவில் திரியும் ஆடு அது. யாருடைய ஆடு என்று கேட்டால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். திருவிழாவுக்கு முதல் நாள் கேட்டால் மட்டும் ஐந்தாறு பேர் சொந்தம் கொண்டாடுவார்கள்.

ஆடு நேரே மல்லிகையிடம் போயிற்று. தின்னத் தொடங்கியது.

"திருடன்! திருடன்!" என்று அணில் அலறியது.

"திருடன்! திருடன்!" என்றன தவிட்டுக்குருவிகள்.

"ஏன் இப்படிக் கத்துறீங்க? இலைதானே தின்னேன், உங்க தலையையா தின்னேன்?" என்றது ஆடு. செடியில் குச்சி மட்டும் மிஞ்சியதும் ஓர் ஏப்பம் விட்டுவிட்டு, வந்த வழியே போய்விட்டது.

மாலையில் தண்ணீர் ஊற்ற வந்த உமையாள் ஆச்சி அப்படியே நின்றாள். அவள் முகம் மலர்ந்தது.

"அட! சொன்னதைச் செஞ்சிட்டீங்களே! ஒரு இலை விடாம உருவிருக்கீங்க! இலையை உருவினாத்தான் பூக்கும்னு நான் சொன்னது இப்பவாவது மண்டையில ஏறுச்சே!"

நாச்சியப்பன் செய்தித்தாளைச் சற்று இறக்கித் தோட்டத்தைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கையில் இருந்த முறுக்குத் தட்டையும் பார்த்தார்.

"ம்" என்றார்.

இவ்வளவு சின்ன எழுத்தில் இவ்வளவு பெரிய பொய்யை அதற்கு முன் யாரும் அடக்கியதில்லை.

அதற்குப் பிறகு ஆச்சி செடியடியைக் கொத்திவிட்டாள். சாணம் கரைத்து ஊற்றினாள். காலையும் மாலையும் தண்ணீர் காட்டினாள். சித்திரை பிறந்தபோது மல்லிகை வெள்ளை வெளேரென்று பூத்தது. பக்கத்து வீட்டு அணில் மதிலுக்கு வருவதை நிறுத்திக்கொண்டது.

"இலையை உருவினாத்தான் பூக்கும்னு ஆச்சியே சொன்னாங்க. இலையை உருவினது யாரு?" என்று அணில் கூட்டத்தில் கேட்டது.

"ஆடு! ஆடு!" என்றன குருவிகள்.

ஓணான் தலையாட்டியது. தண்ணீர் ஊற்றியது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்த மாதிரிக் கேள்விகள் விழாவின் உற்சாகத்தைக் கெடுத்துவிடும்.

உடனே ஒரு தூதுக்குழு தெருவுக்குக் கிளம்பியது. ஆடு அப்போது ஒரு சுவரொட்டியைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது.

"பார்த்தியா, எவ்வளவு ஆர்வமா உள்ளே இறக்குறார்! நிறையப் படிச்சவராத்தான் இருக்கணும்" என்று அணில் ஓணானின் காதில் சொன்னது. பிறகு முன்னால் போய்க் கைகூப்பியது. "ஐயா, அன்னிக்கு உங்களைச் சாதாரண ஆடுன்னு நினைச்சுட்டோம். மன்னிக்கணும்."

"ஏன், சாதாரண ஆடுதானே நான்?" என்றது ஆடு.

"ஆகா! என்ன அடக்கம்!" என்றன குருவிகள்.

"எங்க மல்லிகையைப் பிழைக்க வெச்ச வைத்தியர் நீங்க. தோட்டத்துல இன்னும் எத்தனையோ செடி நோயாக் கிடக்கு. நீங்க தினமும் வந்து பார்க்கணும்."

ஆடு சுவரொட்டியை விழுங்கியது. தூதுக்குழுவை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தது. தின்னக் கூடாது என்று துரத்தியவர்கள் பலரை அது பார்த்திருக்கிறது. தின்ன வேண்டும் என்று கைகூப்பியவர்களை இப்போதுதான் பார்க்கிறது. அது யோசிக்கவில்லை என்று சொல்ல முடியாது. அரை நொடி யோசித்தது.

"எனக்கு வேலை அதிகம். ஆனாலும் ஊர் நன்மைன்னு ஒண்ணு இருக்கே, வர்றேன்" என்றது.

வைத்தியர் என்று நான்கு பேர் கூப்பிட்டுவிட்டால் தொண்டையைச் செருமும் பழக்கம் தானாக வந்துவிடுகிறது. ஆட்டுக்கும் வந்தது. தினமும் உச்சிவெயிலில் அது வரும். ஒரு செடியின் முன் நிற்கும். செருமும். முகர்ந்து பார்க்கும். "இலைபாரம்!" என்று நோயின் பெயரைச் சொல்லும். பிறகு சிகிச்சை தொடங்கும்.

ரோஜாவுக்கு இலைபாரம். கனகாம்பரத்துக்கு இலைபாரம். சங்குப்பூக் கொடிக்கு முற்றிய இலைபாரம். வெண்டைச் செடிக்கும் இலைபாரம்தான். ஆனால் அது காயிலும் பரவிவிட்டதால் காய்களையும் சேர்த்து அகற்ற வேண்டியதாயிற்று.

"ரோஜா இன்னும் பூக்கலையே, ஐயா?" என்று அணில் ஒருநாள் பயந்து பயந்து கேட்டது.

"மருந்து உள்ளே வேலை செய்யுது. பொறு."

"குச்சியே காய்ஞ்சு போச்சே?"

"வேர் வரைக்கும் இறங்கிருச்சு. நல்ல அறிகுறி" என்றது வைத்தியர்.

ஓணான் தலையாட்டியது.

வீட்டுக்குள்ளும் இதே காலத்தில் ஓர் உரையாடல் நடந்தது.

"ரோஜாவையுமா உருவினீங்க?" என்றாள் ஆச்சி.

மல்லிகைக்குப் பாராட்டு வாங்கி முறுக்கும் தின்றாயிற்று. இப்போது மாற்றிச் சொன்னால் முறுக்கைத் திருப்பிக் கொடுக்க முடியாது. "ம்" என்றார் நாச்சியப்பன்.

"கனகாம்பரத்தை?"

"ம்."

"வெண்டையையும் விடலையா? உங்களுக்கு என்ன ஆச்சு? இனிமே நீங்க தோட்டத்துப் பக்கமே போகக் கூடாது, சொல்லிட்டேன்!"

"ம்" என்றார் நாச்சியப்பன். இந்த ஒரு 'ம்' மட்டும் மனதாரச் சொன்னது.

இப்படிச் சிகிச்சைகள் முடிந்துகொண்டே வந்து, தோட்டத்தில் இலையோடு நின்ற செடிகள் குறைந்துபோயின. ஒருநாள் ஆடு செம்பருத்தியின் முன் வந்து நின்றது. நல்ல அகன்ற, மெத்தென்ற இலைகள். செருமியது.

"இலைபாரம். நாளைக்கு இதுக்குப் பார்த்துடுவோம்" என்றது.

தைத்த இலைகளுக்குள் இருந்து தையல்சிட்டு தலையை நீட்டியது. குஞ்சுகளுக்கு இன்னும் இறகு சரியாக முளைக்கவில்லை. கீழே விழுந்தால் பூனைக்கு ஒரு வேளைக்குக்கூடக் காணாது. அது பறந்துபோய் ஓணானின் முன்னால் உட்கார்ந்தது.

"அண்ணே! அந்தச் செடியில என் பிள்ளைங்க இருக்கு! கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லுங்க, பறந்து போயிடுவோம்!"

ஓணான் தலையாட்டியது. தையல்சிட்டுக்கு உயிர் வந்தது.

"அதெப்படி?" என்று அணில் குறுக்கே பாய்ந்தது. "ஊரே பூக்கப் போகுது, நீ ரெண்டு இலைக்காக அதை நிறுத்தி வைப்பியா?"

ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"அது இலையில்ல அண்ணே, என் வீடு!"

"வீடுன்னா ஓடு இருக்கணும்" என்றது அணில். அது ஆச்சி வீட்டுக் கூரை இடுக்கில் குடியிருந்தது. வாடகை கொடுக்காமல் இருப்பவர்களுக்குத்தான் வீட்டைப் பற்றித் திட்டமான கருத்துகள் இருக்கும். "உன்னை யாரு இலையில கட்டச் சொன்னது? பூக்கிறது பிடிக்கலைன்னா நேரா சொல்லு!"

"பூவுக்கு எதிரி!" என்று ஒரு தவிட்டுக்குருவி கத்தியது.

"பூவுக்கு எதிரி! பூவுக்கு எதிரி!" என்றன மற்றவை.

தையல்சிட்டு ஆட்டையே நேரில் கேட்டுப் பார்த்தது. "ஐயா, மூணு குஞ்சு. கொஞ்சம் தள்ளிப் போடக் கூடாதா?"

"வைத்தியத்தைத் தள்ளிப் போட்டா நோய் முத்திடும்மா" என்றது ஆடு. சொல்லும்போதே நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டது.

தையல்சிட்டு கூட்டுக்குத் திரும்பியது. அழுவதற்கு நேரமில்லை, மூன்று வாய்கள் திறந்திருந்தன. ஒரு புழுவைக் கொடுத்தபடியே, வெளியேறும் ஆட்டைக் கவனித்தது. செம்பருத்தியிலிருந்து பின்கதவுக்கு நேர்வழி மாமரத்தின் கீழே போகிறது. ஆடு அப்படிப் போகவில்லை. துவைக்கிற கல்லைச் சுற்றிக்கொண்டு, வெயிலிலேயே நடந்து போயிற்று. நேற்றும் அப்படித்தான் போனது. மாமரத்தடியில் ஓர் அரளிச் செடி நின்றது. முள்ளோடு இருந்த ரோஜாவையே விடாத வாய், அந்த அரளியில் ஓர் இலையைக்கூடத் தொட்டதில்லை.

ஏன் என்று தையல்சிட்டுக்குத் தெரியவில்லை. ஆனால் ஏதோ இருக்கிறது என்று தெரிந்தது. அது போதும் என்று நினைத்தது.

மறுநாள் உச்சிவேளை. செம்பருத்தியைச் சுற்றி நிர்வாகம் முழுவதும் கூடியிருந்தது. ஆடு வந்து செருமியது. தையல்சிட்டு செடியின் உச்சிக் கிளையில் வந்து உட்கார்ந்தது.

"வைத்தியரய்யா! நேத்து உங்க பெருமை தெரியாமப் பேசிட்டேன். நீங்க தாராளமா வைத்தியம் பாருங்க."

"அப்படி வா வழிக்கு!" என்றது அணில்.

"ஆனா ஒரே ஒரு விண்ணப்பம். இந்தச் செம்பருத்தி தினம் ரெண்டு பூவாவது பூக்குது. அதோ அந்த அரளியைப் பாருங்க. இந்தக் கோடையில ஒரு மொட்டுக்கூட விடலை. எவ்வளவு இலைபாரம்! பார்க்கவே பாவமா இருக்கு. முதல்ல அதைக் காப்பாத்துங்க. அப்புறம் என் செடிக்கு வாங்க."

எல்லாரும் அரளியைப் பார்த்தார்கள். உண்மையிலேயே அதில் ஒரு பூ இல்லை.

"இதை நானே சொல்லணும்னு இருந்தேன்!" என்றது அணில். இதுவரை அந்தச் செடி அங்கே இருப்பதே அதற்குத் தெரியாது.

"அரளி! அரளி!" என்று குருவிகள் கத்தின. ஓணானின் தலை வேகமாக ஆடியது.

ஆடு செருமியது. இந்த முறை அது வைத்தியச் செருமலாக இல்லை.

"அரளி நல்லாத்தான் இருக்கு."

"பூக்கலையே, ஐயா?"

"சில செடி அப்படித்தான்."

"மல்லிகையும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்க கை வெச்சதும் பூக்கலையா?" என்றது அணில். "எங்களுக்கு உங்க மேல நம்பிக்கை இருக்கு!"

"இன்னிக்கு நாள் சரியில்ல."

"தள்ளிப் போட்டா நோய் முத்திடும்னு நேத்துத்தான் சொன்னீங்க" என்றது தையல்சிட்டு, மிகுந்த மரியாதையோடு.

"முத்திடும்! முத்திடும்!" என்றன குருவிகள். நம்பாதவர்களிடமிருந்து தப்பித்து ஓடிவிடலாம். நம்புகிறவர்களிடமிருந்து ஓடுவது கடினம். குருவிகள் ஆட்டின் முதுகில் ஏறிக்கொண்டன. அணில் வாலின் பக்கமாக நின்று தள்ளியது. வைத்தியரை ஊர்வலமாக மாமரத்தடிக்கு நகர்த்திக்கொண்டு போனார்கள்.

"விடுங்க! எனக்கு இப்பப் பசியில்ல!" என்று ஆடு கத்தியது.

ஓணானின் தலை பாதியில் நின்றது. பிறந்த நாளிலிருந்து அது அப்படி நின்றதில்லை.

"பசியா?" என்றது ஓணான். "வைத்தியத்துக்கும் பசிக்கும் என்ன சம்பந்தம்?"

"தலைவரே, அது தன்னடக்கம்!" என்று சொல்லிவிட்டு அணில் செடியில் தாவி, ஓர் அரளிக் கொத்தைக் கடித்துக் கீழே போட்டது. இலைகளை ஆட்டின் வாயருகே தள்ளியது. "ஒரே ஒரு வாய், ஐயா! எங்களுக்காக! ஊருக்காக!"

ஆடு பின்வாங்கிப் பின்வாங்கிக் கிணற்றுச் சுவரில் முட்டிக்கொண்டு நின்றது. இனிப் போக இடமில்லை.

"அடேய், அது விஷம்டா!" என்று அலறியது. "ஒரு கொத்து உள்ளே போனா நான் செத்தே போயிடுவேன்!"

நிர்வாகத்தில் இலை தின்பவர் ஒருவரும் இல்லாததால், இது யாருக்கும் தெரியாத செய்தி.

"அப்ப ரோஜா?" என்று அணில் மெல்லக் கேட்டது.

"ருசி."

"வெண்டை?"

"அது இன்னும் ருசி."

"மல்லிகை?"

"சுமார்தான். அன்னிக்கு வேற எதுவும் கிடைக்கல."

"அப்ப இலைபாரம்? வைத்தியம்? ஊர் நன்மை?" அணிலின் குரல் உடைந்தது.

"நான் ஆடு. பசிச்சுது, தின்னேன். வைத்தியர்னு கூப்பிட்டது நீங்க. தின்னு தின்னுன்னு கும்பிட்டா வேண்டாம்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா?"

பதில் கிடைக்காதபோது செய்யக்கூடியதை அவர்கள் செய்தார்கள். குருவிகள் எல்லாம் சேர்ந்து ஆட்டின் முதுகில் கொத்தின. ஆடு கத்திய கத்தலில் உமையாள் ஆச்சி விளக்குமாற்றோடு ஓடி வந்தாள். ஆட்டைப் பார்த்தாள். ரோஜாக் குச்சியைப் பார்த்தாள். வெண்டைத் தண்டைப் பார்த்தாள். எல்லாம் விளங்கிவிட்டது. விளக்குமாறு ஆட்டின் பின்பக்கத்தில் இரண்டு முறை இறங்கியது. ஆடு கதவைத் தாண்டிப் பறந்தது.

"இந்தாங்க!" என்று ஆச்சி வீட்டை நோக்கிக் குரல் கொடுத்தாள். "இத்தனை நாளா இலை உருவினவர் ஓடுறார், வந்து பாருங்க!"

"ம்?" என்றார் நாச்சியப்பன்.

சில நாள் கழித்துச் செம்பருத்தியிலிருந்து மூன்று குஞ்சுகளும் ஒன்றன்பின் ஒன்றாகத் தத்தித் தத்திப் பறந்தன. தாய் முன்னால் பறந்து வழிகாட்டியது. அதே நேரத்தில் மதில்மேல் நிர்வாகத்தின் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. ஆட்டின்மேல் தொடக்கத்திலிருந்தே சந்தேகம் கொண்டு, அரளியை வைத்து அதைச் சோதிக்கத் திட்டமிட்டு, செம்பருத்தியைக் காப்பாற்றிய பெருமைக்காக நிர்வாகம் தன்னைத்தானே பாராட்டிக்கொண்டது. ஓணான் தலையாட்டியது. பக்கத்து வீட்டு அணிலுக்குச் சொல்லி அனுப்பப்பட்டது. தையல்சிட்டுக்கு அழைப்பு இல்லை; அது குஞ்சுகளுக்குப் புழு பிடிக்கக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தது.

ஊர் நன்மைக்காகவே பாடுபடுகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் வாய்க்கு ருசிக்காத வேலை ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள், அவரிடம் இருப்பது தொண்டா பசியா என்பது தெரிந்துவிடும்.